மாம்பலத்துக் களிமண்ணில் ஓர் உறைக்கிணறு: மழைநீரை நிலத்தில் இறக்கும் பணி பற்றிய மதிப்பீடு

சென்னை மேற்கு மாம்பலத்தில் ஏறத்தாழ ஒரு கிரவுண்ட் (2,400 சதுர அடி) மனையில் நிற்கும் எங்கள் பழைய வீட்டில், பின்கட்டுக் கிணற்றைத் தூர்வாரி, மொட்டைமாடிக் குழாய்களை அதனுடன் இணைத்து, வாசலோரம் மழைநீரை நிலத்துக்குள் இறக்குவதற்கென்றே ஓர் உறைக்கிணற்றையும் (சிமெண்ட் வளையங்களை இறக்கிக் கட்டும் கிணறு) புதிதாக வெட்டித் தந்த ஒரு சிறு குழுவின் வேலையைப் பற்றியது இந்த மதிப்பீடு. பெயர்ப்பலகையோ அலுவலகமோ இல்லாத குழு அது. ஒரு மேஸ்திரியும் அவருடைய உறவினர்கள் சிலரும் தலைமுறையாகக் கிணறு வெட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள். ஒரு வீட்டில் வேலை பார்ப்பதைக் கண்டு அடுத்த வீட்டார் அழைப்பதே அவர்களுக்கு விளம்பரம். எனவே பெயரைச் சொல்வதைவிட, இத்தகைய குழுக்களிடம் எதை நம்பிக்கையோடு ஒப்படைக்கலாம், எதை நாமே கேட்டு வாங்க வேண்டும் என்பதைச் சொல்வதே படிப்பவர்களுக்குப் பயன்படும்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த வேலையின் தரம் முழுவதும் இடத்தைப் புரிந்துகொள்வதில்தான் இருக்கிறது. இன்றைய தியாகராய நகர் 1920களில் உருவாவதற்கு முன்பு இப்பகுதியில் நீண்டு கிடந்தது ஒரு பெரிய ஏரி. அதைத் தூர்த்துத்தான் மனைகள் போடப்பட்டன. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் இன்னும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஏரி போனாலும் தாழ்வான நிலம் போகவில்லை என்பதால், 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் தண்ணீர் தன் பழைய இடத்தை மறக்காமல் வந்து நின்றது. அதே தெருக்கள்தான் 2019 கோடையில் லாரிகளுக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்தன. நகருக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிப்போக, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்ற கணக்கில் தண்ணீர் கொண்டுவரப்பட்ட ஆண்டு அது. வெள்ளமும் வறட்சியும் ஒரே வீட்டு வாசலுக்கு வருகின்றன என்றால், வருகிற தண்ணீரைத் துரத்திவிட்டுப் பிறகு விலைகொடுத்து வாங்கும் நம் பழக்கத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று கருதியே இந்த வேலையைத் தொடங்கினோம்.

வீட்டில் மழைநீர்ச் சேகரிப்பு ஏற்கெனவே இருந்தது. 2003இல் தமிழக அரசு அவசரச் சட்டத்தின் வாயிலாக எல்லாக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியபோது, பெரும்பாலான வீடுகளைப் போலவே எங்கள் வீட்டிலும் மூன்றடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி, ஜல்லியும் மணலும் நிரப்பி, ஒரேயொரு குழாயை அதற்குள் விட்டிருந்தார்கள். அந்தச் சட்டம் நல்ல சட்டம். இந்தியாவில் வேறெந்த மாநிலமும் அந்த அளவு கறாராக இறங்காத காலத்தில் நகர மக்களை மாடிக் குழாயைத் திரும்பிப் பார்க்க வைத்த சட்டம். ஆனால் திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற மணற்பாங்கான இடங்களில் நன்றாகவே வேலை செய்கிற ஆழமற்ற குழி, களிமண் பகுதியில் ஒரு தொட்டியாகத்தான் நிற்கும். எங்கள் குழி முதல் அரைமணி நேர மழையிலேயே நிரம்பி, மிகுதி முழுவதையும் தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சட்டத்துக்குக் கணக்குக் காட்ட அது போதுமானதாக இருந்தது.

இதைச் சரிசெய்ய முதலில் அணுகியது ஒரு நிறுவனத்தை. அவர்கள் வீட்டின் சதுர அடியைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, நெகிழிப் பெட்டிகளை அடுக்கிப் புதைக்கும் அமைப்பு ஒன்றுக்கும், சுவரில் பொருத்தும் வடிகட்டிக்கும் சேர்த்து மின்னஞ்சலில் விலைப்பட்டியல் அனுப்பினார்கள். அந்த அமைப்பு மோசமானது என்று சொல்ல மாட்டேன். தண்ணீரைத் தேக்கி வைத்துப் பயன்படுத்த விரும்புவோருக்கு அது பொருந்தலாம். ஆனால் மண் என்ன மண், கிணற்றில் நீர்மட்டம் எவ்வளவு, பாதாளச் சாக்கடைக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்ற மூன்று கேள்விகளில் ஒன்றைக்கூட அவர்கள் கேட்கவில்லை. பெசன்ட் நகரில் இருக்கும் வீட்டுக்கும் மாம்பலத்தில் இருக்கும் வீட்டுக்கும் ஒரே மருந்துச் சீட்டு.

மேஸ்திரி வந்ததும் செய்த முதல் வேலை, விலை பேசுவதற்கு முன்பே, பின்கட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்ததுதான். உறைகளின் மேல் நீர்க்கறை எந்த உயரம்வரை இருக்கிறது, எந்த உறையின் இடுக்கில் ஊற்று கசிகிறது, சுவரில் வேர் எங்கே நுழைந்திருக்கிறது என்பதையெல்லாம் பார்த்துவிட்டு, மழைக்காலத்தில் எவ்வளவு ஏறும், கோடையில் எவ்வளவு இறங்கும் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டார். பிறகு வாசலோரம் ஓரிடத்தைக் காட்டி, அங்கே கடப்பாரையால் சிறு குழி போட்டு, மண்ணைக் கையில் எடுத்து நீர்விட்டு உருட்டிப் பார்த்தார். உருண்டை விரியாமல் நின்றது. "இது ஏரி மண்ணுங்க, இதுக்குள்ள எவ்வளவு ஊத்தினாலும் குடிக்காது, கீழ மணல் வரணும், அதுவரைக்கும் போகணும்" என்றார். எத்தனை அடி என்று கேட்டதற்கு, வெட்டினால்தான் தெரியும் என்றும், அடிக்கணக்கில் கூலி வாங்கிக்கொள்வதாகவும், மணல் வந்த பிறகு ஓரடிகூட வீணாக வெட்டப் போவதில்லை என்றும் சொன்னார். ஆழத்தை முன்கூட்டியே உறுதியாகச் சொல்கிறவரைவிட, தெரியாது என்று சொல்கிறவரிடம் இந்த வேலையைக் கொடுப்பது பாதுகாப்பு என்பது என் கருத்து.

வேலை நடந்த விதம் பார்க்கத் தகுந்தது. மூன்றடி விட்டமுள்ள சிமெண்ட் உறையை நிலத்தின் மேல் வைத்து, ஒருவர் உள்ளே உட்கார்ந்து அதன் விளிம்புக்குக் கீழிருக்கும் மண்ணைக் குடைந்தெடுக்க, உறை தன் எடையாலேயே இறங்குகிறது. அது தரைமட்டத்துக்கு வந்ததும் அடுத்த உறை மேலே ஏறுகிறது. எடுத்த மண் கூடையில் கயிற்றோடு மேலே வருகிறது. பத்தடியைத் தாண்டும்வரை கறுத்த களிமண், அதில் நடுநடுவே நத்தை ஓடுகள். அதன்பின் மண்ணின் நிறம் வெளுத்து, விரலில் நறநறவென்று மணல் தட்டுப்பட்டது. மணலுக்குள் சில அடி இறங்கி, ஏறத்தாழ 18 அடியில் நிறுத்தினார்கள். கீழ்ப்பகுதி உறைகளின் இணைப்பைச் சிமெண்ட் வைத்துப் பூசாமல் விட்டு, பக்கங்களில் துளையிட்டு, அடியில் மட்டும் ஒரு கூடை பெரிய ஜல்லி போட்டார்கள். மேல்பகுதி இணைப்புகளை நன்றாகப் பூசினார்கள். தெருச் சாக்கடைக் கசிவு பக்கவாட்டில் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக. உள்ளே வேறெதையும் நிரப்பவில்லை. கிணற்றை ஜல்லியால் நிரப்பினால் நீர் நிற்கும் இடமும் குறையும், சேறு சேர்ந்தபின் இறங்கித் தூர்வாரவும் முடியாது. 2003இன் குழிகள் பலவும் செத்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்கட்டுக் கிணற்றுக்கு மாடிநீர் போகிறது. மாடியிலிருந்து வரும் குழாய்களை ஒன்றாக்கி, வலையும் சிறு வண்டல் தொட்டியும் கொண்ட ஓர் அறைக்குள் விட்டு, அதிலிருந்து கிணற்றுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பருவத்தின் முதல் மழையில் வருகிற தூசியையும் பறவை எச்சத்தையும் வெளியே தள்ளிவிட ஒரு திருகு மூடி உண்டு. முற்றத்து நீரும் கிணற்றின் மிகுநீரும் வாசலோர உறைக்கிணற்றுக்குப் போகின்றன. வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி மூடியிட்ட ஒரு வாய்க்காலை அமைத்ததால், முன்பு தெருவுக்கு ஓடிய நீர் இப்போது அங்கேயே திரும்புகிறது. முற்றத்து நீரில் வண்டி எண்ணெயும் சோப்பும் கலக்கும் என்பதால், கார் கழுவும் இடத்தை அந்தச் சரிவிலிருந்து மாற்றும்படி மேஸ்திரியே சொன்னார். இப்படிச் சொல்லும் ஒப்பந்தக்காரர்கள் குறைவு.

இனிக் கணக்கு. எங்கள் மாடி ஏறத்தாழ 140 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர்; சென்னையின் சராசரி ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் லிட்டர் எங்கள் மாடியில் மட்டும் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு ஆவியாதலிலும் சிதறலிலும் போனாலும், 9,000 லிட்டர் லாரிகள் பதினேழுக்கு இணையான தண்ணீர் மிஞ்சும். அதே கணக்கு இதன் எல்லையையும் காட்டிவிடுகிறது. மூன்றடி விட்டமும் 18 அடி ஆழமும் உள்ள உறைக்கிணறு ஒருமுறை கொள்வது சுமார் 3,600 லிட்டர்தான். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் மாடியிலிருந்து மட்டும் 14,000 லிட்டர் வரும். ஆகவே கிணற்றின் கொள்ளளவைவிட, அடியிலுள்ள மணல் எவ்வளவு விரைவாகக் குடிக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரு நாளில் பெய்த ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் போன்ற மழைக்கு எந்த வீட்டுக் கிணறும் ஈடுகொடுக்காது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறும்போது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பதால், பெய்கிறபோது கொட்டித் தீர்க்கும் மழைகள் இனிக் கூடுமே தவிரக் குறையாது. வெள்ளத்தைத் தடுக்கும் என்று சொல்லி இந்தச் சேவையை யாராவது விற்றால் நம்ப வேண்டாம். சாதாரண மழையிலும் நடுத்தர மழையிலும் தெருவுக்குப் போகும் நீரைக் குறைக்கும் என்றால் நம்பலாம். ஒரு பருவத்தில் பெரும்பாலான மழை நாட்கள் அப்படிப்பட்டவைதான்.

பலன் என்ன என்றால், ஒரு வடகிழக்குப் பருவம் முடிந்த நிலையில் அளந்து பேசுவதே நேர்மை. நடுத்தர மழைகளில் உறைக்கிணறு நிரம்பினாலும் மழை விட்ட சில மணி நேரத்தில் பாதிக்கு இறங்கிவிடுகிறது. தொடர்மழை நாட்களில் மெதுவாகிறது. பின்கட்டுக் கிணற்று நீரில் சோப்பு நன்றாக நுரைக்கத் தொடங்கியது; பாத்திரங்களில் படிந்துகொண்டிருந்த வெள்ளைப் படிவு குறைந்தது. கோடையிலும் மோட்டார் காற்றை இழுக்காமல் ஓடியது. ஆனால் அந்த ஆண்டு மழை நன்றாகவே இருந்ததால், பக்கத்து வீட்டுக் கிணறுகளிலும் நீர் தாழவில்லை. இவற்றில் எவ்வளவு எங்கள் உறைக்கிணற்றால் வந்தது என்பதை ஒரு மழை குறைந்த ஆண்டுதான் சொல்லும். மேலும், நிலத்துக்குள் இறக்கிய நீர் வேலிக்குள் நிற்பதில்லை. நாம் இறக்குவதை மூன்று வீடு தள்ளி அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணறு இழுத்துக்கொள்ளலாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் தெருவில் ஒரு வீடு மட்டும் செய்தால் மனநிறைவே பெரும்பலனாக இருக்கும். பத்து வீடுகள் சேர்ந்தால் கிணறுகளில் தெரியும். ஒரே தெருவில் சில வீடுகள் சேர்ந்து அழைத்தால் இந்தக் குழு உறைகளை மொத்தமாக இறக்கி வண்டிக் கூலியைக் குறைத்துக்கொள்கிறது என்பதும் சொல்லத் தக்கது.

குறைகள் உண்டு, அவற்றுள் முதலாவது பாதுகாப்பு. பழைய கிணற்றில் இறங்குவதற்கு முன் விளக்கை இறக்கிப் பார்த்தார்கள். அது அணையாமல் இருந்தால் மூச்சுவிடக் காற்று இருக்கிறது என்பது அவர்கள் தொழிலின் பழைய சோதனை. ஆனால் நச்சு வாயுவையோ, தீப்பற்றும் வாயுவையோ அது காட்டிக்கொடுக்காது. பின்னதில் விளக்கே ஆபத்தாகிவிடும். தலைக்கவசமோ இடுப்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டையோ அவர்களிடம் இல்லை. நாங்கள் வலியுறுத்தியபின் காற்றடிக்கும் கருவியை வாடகைக்கு எடுத்து, உள்ளே இறங்குகிறவர் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் நின்றார்கள். அந்தச் செலவை வீட்டுக்காரர் ஏற்க வேண்டும். கூலியில் பேரம் பேசி இதைக் கழிப்பது அடாத செயல். இரண்டாவது, எழுத்தில் எதுவும் கிடையாது. உறைக்கு இவ்வளவு, வெட்டுக்கு அடிக்கு இவ்வளவு, குழாய் வேலைக்கு இவ்வளவு என்று நாமே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது இருவருக்கும் நல்லது. மூன்றாவது, குழாய் வேலையில் அவர்களுக்குத் தேர்ச்சி போதாது. சரிவு சரியாக இல்லாத ஓரிடத்தில் நீர் தேங்கிக் கொசு வந்தது. தனியாக ஒரு பிளம்பரை அழைத்துத் திருத்த வேண்டியதாயிற்று. உறைக்கிணற்றின் காங்கிரீட் மூடியில் காற்றுக்குழாய் வைத்தபோதும் கொசுவலை கட்ட மறந்துவிட்டார்கள். வெட்டியெடுத்த களிமண்ணை அகற்றுவது யார் பொறுப்பு என்பதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். அந்தக் குவியல் வாசலில் கிடந்ததில் தெருவோடு ஒரு சிறு பூசல் வந்தது.

இதன் விலை அதிகமா என்று கேட்பவர்களுக்கு, எதோடு ஒப்பிடுவது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலைகள் இயங்கத் தொடங்கின. நெம்மேலியில் 2024இல் மேலும் 15 கோடி லிட்டர் சேர்ந்தது. பேரூரில் 40 கோடி லிட்டருக்கு ஓர் ஆலை திட்டமிடப்பட்டது. 100 லிட்டர் நன்னீருக்கு 200 லிட்டருக்கும் மேற்பட்ட கடல்நீரை உறிஞ்சி, எஞ்சிய அடர்ந்த உப்புநீரைக் கடலிலேயே விட வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரமும் வேண்டும். இத்தனை பெரிய நகரத்துக்கு இந்த ஆலைகள் வேண்டாம் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. மழை பொய்க்கும் ஆண்டில் அவைதான் கைகொடுக்கும். ஆனால் மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் 1960களின் இறுதியிலிருந்தே கடல்நீர் நிலத்துக்குள் புகுந்தது என்பதையும், அதே வட்டாரத்தில்தான் கடல்நீரை நன்னீராக்க ஆலை கட்டினோம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இயற்கையோடு மோதிப் பெறும் தண்ணீர் மின்கட்டணத்தில் மட்டும் கணக்கு முடிப்பதில்லை என்பது விளங்கும். வடிகால்களும் அப்படியே. தெருவில் அகலமான வடிகால் வந்திருப்பது நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு வீடும் தன் மாடிநீர் முழுவதையும் அதில் கொட்டினால், எவ்வளவு அகலமாகக் கட்டினாலும் மாம்பலம் கால்வாய்க்கும் அடையாற்றுக்கும் போகும் சுமையைத்தான் கூட்டுகிறோம். மாநகராட்சியே அண்மைக் காலத்தில் பூங்காக்களில் நீர் உறிஞ்சும் குளங்களை வெட்டத் தொடங்கியிருப்பது, வடிகால் மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொண்டதற்கு அடையாளம்.

எல்லாருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வேளச்சேரியின் தாழ்வான பகுதிகளைப் போலப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியிருக்கும் இடங்களில், மழைக்காலத்தில் நிலத்தடி நீரே தரைக்குப் பக்கத்தில் நிற்கும். அங்கே வெட்டும் கிணறு மேலிருந்து நிரம்புவதற்கு முன்பே கீழிருந்து நிரம்பிவிடும். ஆழமில்லாமலே பாறை தட்டும் இடங்களிலும் உறைக்கிணறு வீண்செலவு. அத்தகைய இடங்களில் இருப்பவர்கள் மாடிநீரைத் தொட்டியில் தேக்கி நேரடியாகப் பயன்படுத்துவதே மேல். கழிவுநீர்த் தொட்டி பக்கத்தில் இருக்கும் குறுகிய மனைகளில், போதிய இடைவெளி கிடைக்காவிட்டால் செய்யவே கூடாது. மணற்பாங்கான கடலோரப் பகுதியினருக்கு இவ்வளவு ஆழம் தேவையில்லை. பழைய குழியிலுள்ள ஜல்லியை எடுத்துவிட்டுச் சில உறைகளை இறக்கினாலே போதும், செலவும் பாதிக்கும் கீழே வரும். மேல்மண் களியாக இருந்து கீழே மணல் உள்ள மாம்பலம் போன்ற பகுதியினர், அதிலும் பயன்படுத்தாத பழைய கிணறு வீட்டில் உள்ளவர்கள், தயங்காமல் செய்யலாம். கிணற்றை மூடிக் கார் நிறுத்த நினைப்பவர்கள், மூடுவதற்கு ஆகும் செலவோடு தூர்வாரும் செலவை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

பராமரிப்பு ஆண்டுக்கு ஒருமுறை. புரட்டாசி பிறப்பதற்குள் மாடியைக் கூட்டி, வலையையும் வண்டல் தொட்டியையும் கழுவி, திருகு மூடியைச் சரிபார்க்க வேண்டும். உறைக்கிணற்றின் அடியில் படியும் சேற்றைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்தால் போதும் என்று மேஸ்திரி சொல்கிறார். வெட்டுவதற்கு ஏற்ற காலம் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் சித்திரையும் வைகாசியும். ஆடிக்குப் பிறகு குழு கிடைப்பதே அரிது, ஐப்பசியில் அழைத்தால் ஊற்று நீரை இறைத்துக்கொண்டே வெட்ட வேண்டியிருக்கும் என்று கூலியை ஏற்றிச் சொல்வார்கள், அது நியாயமும்கூட.